சுள்ளியிலிருந்து கம்பிக்கு: காக்கைக் கூட்டின் கதை

கல்கத்தாவில் ஒரு காக்கை, சோடா பாட்டில் கம்பியை மட்டுமே வைத்து ஒரு முழுக் கூட்டைக் கட்டி முடித்திருந்தது. எட்வர்ட் ப்ளித் சொன்ன தகவலாக இதைப் பழைய பறவை நூல்கள் குறித்துவைத்திருக்கின்றன. ப்ளித் 1841லிருந்து 1862 வரை கல்கத்தா ஆசியச் சங்கத்தின் அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்டவர். சம்பளம் குறைவு, வேலை அதிகம். இந்திய விலங்குகளையும் பறவைகளையும் பற்றி டார்வினுக்குக் கடிதம் மேல் கடிதமாக எழுதிப் போட்டவர். அப்படிப்பட்ட ஆள் கண்ணில் ஒரு காக்கைக் கூடு படுவது பெரிய விஷயமே இல்லை. கல்கத்தாவில் காக்கைக்கா பஞ்சம்? சொல்லிவைக்கும் அளவுக்கு அந்தக் கூட்டில் இருந்த விசேஷம் அதன் பொருள்தான். சுள்ளி கிடையாது, ஈர்க்குச்சி கிடையாது, முழுக்க முழுக்கக் கம்பி.

சோடா பாட்டிலுக்கு எதுக்குக் கம்பி என்று இன்றைக்குக் கேட்கத் தோன்றும். அன்றைய சோடா பாட்டிலுக்குத் தக்கைதான் மூடி. உள்ளே அடைத்துவைத்த வாயு அந்தத் தக்கையை வெளியே தள்ளப் பார்த்துக்கொண்டே இருக்கும். அதனால் தக்கைக்கு மேலே கம்பியைப் போட்டுக் கழுத்தோடு சேர்த்து முறுக்கிக் கட்டிவிடுவார்கள். ஷாம்பெய்ன் பாட்டிலில் இன்றும் அப்படித்தான். துரை வீட்டில் சாயங்காலம் ஒரு பாட்டிலைத் திறந்தால் ஒரு கம்பி கீழே விழும். எத்தனை வீடு, எத்தனை சாயங்காலம்! அவ்வளவும் பின்கட்டில், சமையலறைக் குப்பையோடு சேர்ந்து கிடக்கும். காக்கை சோற்றுக்கு வருவதும் அதே பின்கட்டுக்குத்தான்.

1872ல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் ஒரு புதுவகை பாட்டிலுக்குக் காப்புரிமை வாங்கினார். கழுத்துக்குள்ளேயே ஒரு கண்ணாடிக் கோலி. உள்ளே இருக்கும் வாயுவே அதை மேலே தள்ளி வாயை அடைத்துக்கொள்ளும். தக்கையும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். நம்ம ஊர் கோலி சோடா பாட்டில் அதுதான். இருபது வருஷம் கழித்து, 1892ல், அமெரிக்காவில் வில்லியம் பெயின்டர் ஓரத்தில் பல் பல்லாக மடித்த தகர மூடிக்குக் காப்புரிமை வாங்கினார். கொஞ்சம் கொஞ்சமாகச் சோடாவை விட்டுக் கம்பி போய்விட்டது. ப்ளித் சொன்ன மாதிரிக் கூட்டை இன்று எந்தக் காக்கையாலும் கட்ட முடியாது. அந்தக் கூட்டை யாராவது எடுத்துவைத்திருந்தால், அது எந்தக் காலத்துக் கல்கத்தா என்பதைக் கம்பியைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

இந்தக் கட்டுரை அந்தச் சாத்தியத்தைப் பற்றியது. நமக்குக் காக்கை என்றால் முதலில் ஞாபகம் வருவது குரலும் சோறும். விருந்து வருவதைச் சொல்லிக் கரைந்த காக்கையைக் குறுந்தொகையில் பாடிய நச்செள்ளையாருக்குக் காக்கைபாடினியார் என்ற பேரே நிலைத்துவிட்டது. பித்ருக்களுக்குச் சோறு வைக்கிறோம், வரவில்லை என்றால் பதறுகிறோம். கூட்டை மட்டும் நாம் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ‘காக்கைக் கூட்டில் குயில் முட்டை’ என்று சொல்லும்போதுகூட நம் கவனம் குயில் மேல்தான். கூட்டைப் பிரித்துப் பார்த்தால் அதில் இருப்பது பெரும்பாலும் நம்முடைய சாமான்.

*

முதலில் அது எப்படிக் கட்டுகிறது என்று பார்த்துவிடலாம்.

கழுத்தில் சாம்பல் நிறம் உள்ள நம் ஊர்க்காக்கை மரத்தில் கிளை பிரியும் கவட்டையைத் தேர்ந்தெடுக்கும். ஜோடியில் இரண்டும் குச்சி சுமக்கும். கீழே விழுந்துகிடக்கும் குச்சியை மட்டும் பொறுக்கும் என்று நினைக்க வேண்டாம். மரத்தில் இருக்கும் மெல்லிய கிளையின் நுனியை அலகால் பிடித்து, இப்படியும் அப்படியும் வளைத்து, முறுக்கி, நார் அறுகிற வரைக்கும் விடாமல் இழுக்கும். நன்றாகக் காய்ந்த சுள்ளி ஒடிந்துவிடும். பச்சைக் குச்சிக்கு வளையும் குணம் உண்டு. அலகில் கவ்விய குச்சியை நடுவில் பிடிக்கிறதா, நுனியில் பிடிக்கிறதா என்பதைப் பொறுத்துப் பறப்பதும் கஷ்டமாகும், சுலபமாகும். கூட்டுக்குப் போனதும் செருகிப் பார்க்கும், நிற்காவிட்டால் பிடுங்கி வேறு கோணத்தில் செருகும். நழுவிக் கீழே விழுந்ததைப் பெரும்பாலும் மறுபடி எடுக்க வராது. கூடு கட்டும் மரத்தடியில் ஒரு அடுப்புக்குப் போதுமான சுள்ளி கிடப்பது இதனால்தான்.

வெளிப்பக்கம் தடிமனான குச்சிகள், அதற்கு உள்ளே மெல்லியவை, நடுவில் குழி. குழிக்குள் மெத்தை: தென்னை நார், கயிற்றுப் பிசிறு, முடி, பழந்துணி. குழிக்குள் உட்கார்ந்து நெஞ்சால் அழுத்தி, சுற்றிச் சுற்றித் திரும்பி, வட்டம் கொண்டுவரும். பிறகு வெளிறிய நீலப்பச்சையில் பழுப்புப் புள்ளிகள் தெளித்த நான்கைந்து முட்டைகள்.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. காக்கை முடிச்சுப் போடாது. தூக்கணாங்குருவி புல்லிழையை வளையம் போட்டு, உள்ளே விட்டு இழுத்து, உண்மையாகவே முடிச்சுப் போடும். காக்கைக் கூட்டில் அதெல்லாம் இல்லை. குச்சி குச்சியோடு உரசி நிற்கிறது, கவை கவையில் மாட்டி நிற்கிறது. நூற்றுக்கணக்கான குச்சிகள் ஒன்றை ஒன்று நகரவிடாமல் பிடித்துக்கொள்வதால்தான் ஆடி மாதக் காற்றிலும் கூடு கழன்று விழுவதில்லை.

இப்போது கம்பிக்கு வருவோம். குச்சியை வளைத்தால் கொஞ்சம் திரும்ப நிமிரும். கம்பியை வளைத்தால் வளைந்தபடியே நிற்கும். நுனியில் ஒரு கொக்கி இருந்துவிட்டால் மாட்டின இடத்தை விடாது. மழையில் ஊறாது, சீக்கிரம் மட்காது. முடிச்சுப் போடத் தெரியாத ஒரு கொத்தனாருக்குக் கம்பியைவிட நல்ல சாமான் கிடைக்குமா? சுள்ளி செய்கிற வேலையைக் கம்பி இன்னும் நன்றாகச் செய்கிறது. காக்கையின் கட்டுமான முறையில் எதுவும் மாறவில்லை. மாறியது சாமான் மட்டும்தான்.

*

இதைக் கிட்டத்தட்ட இதே மாதிரி யோசித்தவர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ். 1854 முதல் 1862 வரை எட்டு வருஷம் மலாயத் தீவுகளில் அலைந்துவிட்டு லண்டன் திரும்பியவர், 1867ல் பறவைக் கூடுகளின் தத்துவம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அந்தக் காலத்தில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தது இது: மனிதன் அறிவால் வீடு கட்டுகிறான், பறவை உள்ளுணர்வால் கூடு கட்டுகிறது. வாலஸ் அதை மறுத்தார். மனிதன் மட்டும் என்ன வாழ்கிறதாம்? மண் கிடைக்கும் ஊரில் மண் வீடு, மூங்கில் கிடைக்கும் தீவில் மூங்கில் வீடு. தலைமுறை தலைமுறையாக அதே வீட்டைத்தான் திரும்பத் திரும்பக் கட்டுகிறான். பறவையும் அப்படித்தான், தான் இரை தேடும் இடத்தில் என்ன கிடைக்கிறதோ அதை எடுத்துக் கட்டுகிறது.

அவர் கொடுத்த உதாரணங்களில் ஒன்று காக்கை. ஐரோப்பியக் காக்கை செத்த முயலையும் ஆட்டுக்குட்டியையும் தின்கிறது, ஆடு மேயும் இடங்களில் சுற்றுகிறது. ஆகவே அதன் கூட்டுக்குள் மெத்தை ரோமமும் கம்பளியும். தின்ன வந்த இடத்திலேயே சாமானும் கிடைத்துவிடுகிறது.

பறவைகள் பார்த்துப் பழகித்தான் கட்டுகின்றன என்று வாலஸ் கொஞ்சம் அதிகமாகவே சொல்லிவிட்டார். பிறவியில் வருவதும் உண்டு என்று பின்னால் தெரிந்தது. ஆனால் அனுபவத்தில் கற்பதும் உண்டு. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் சூ ஹீலியின் குழு 2014ல் ஒரு சோதனையை வெளியிட்டது. ஸீப்ரா ஃபிஞ்ச் என்ற சின்னப் பறவைகளுக்கு வளவளவென்று தொய்கிற நூலைக் கொடுத்துக் கட்டச் சொன்னார்கள். அதில் கட்டிப் பார்த்த பறவைகள், அடுத்து இரண்டு வகையும் கிடைத்தபோது விறைப்பான நூலைத் தேர்ந்தெடுத்தன. விறைப்பான நூலில் குறைந்த துண்டுகளிலேயே கூடு முடிந்துவிடும். நம் ஊரில் ஒரு மேஸ்திரி முதல் வீட்டில் படுகிற பாட்டை அடுத்த வீட்டில் படமாட்டார் இல்லையா, அதுதான்.

வாலஸ் சொன்னதைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஊர்க்காக்கை இரை தேடும் இடம் எது? நம் கொல்லை, நம் சந்தை, நம் குப்பை. மனிதர்கள் இல்லாத காட்டில் அதைப் பார்க்கவே முடியாது. அப்படியானால் அதன் கூடு எதனால் ஆனதாக இருக்கும்? ஆட்டுமந்தையை ஒட்டி வாழ்ந்த காக்கை கம்பளியை எடுத்தது, சோடா குடிப்பவர்களை ஒட்டி வாழ்ந்த காக்கை கம்பியை எடுத்தது.

*

பத்தொன்பதாம் நூற்றாண்டு கம்பியின் நூற்றாண்டும்கூட. தந்திக் கம்பி, வேலிக் கம்பி, முள்கம்பி, பொட்டலம் கட்டும் கம்பி என்று உலகம் முழுக்கக் கம்பி பரவியது. காக்கைக் கூடுகளில் அதுவும் பதிவானது. 1933ல் தென்னாப்பிரிக்காவின் அருங்காட்சியகம் ஒன்று, செம்புக் கம்பியும் நாகப்பூச்சு இரும்புக் கம்பியும் முள்கம்பியுமாகச் சேர்ந்த ஒரு காக்கைக் கூட்டைப் பற்றித் தெரிவித்தது. நம் பக்கத்தில் கான்கிரீட் வீடுகள் எழும்ப ஆரம்பித்தபின் கட்டுக்கம்பி வந்தது. கம்பி கட்டுபவர் முறுக்கி வெட்டிப் போட்ட துண்டுகள் ஒவ்வொரு கட்டட வேலையிலும் தரையெங்கும் கிடக்கும். சென்னையில் பழைய காக்கைக் கூடு ஒன்று கீழே விழுந்துகிடந்தால் காலால் கிளறிப் பாருங்கள். கட்டுக்கம்பி, ஒயர்த் துண்டு, விளக்குமாற்றுக் குச்சி எல்லாம் வேப்பங்குச்சியோடு பின்னிக் கிடக்கும்.

பம்பாய்க்கு ஒரு தனிக்கதை உண்டு. ஒரு காக்கை கடையிலிருந்து தங்க, வெள்ளி மூக்குக்கண்ணாடி ஃபிரேம்களை எடுத்துப் போய்க் கூடு கட்டியதாகப் பறவைப் புத்தகங்களில் திரும்பத் திரும்ப வரும். சொல்கிறவர்கள் தவறாமல் விலையையும் சேர்த்தே சொல்வார்கள். சோடா கம்பிக் கூட்டைப் பார்த்தவர்கள் ‘எவ்வளவு சாமர்த்தியம்’ என்றார்கள். ஃபிரேம் கூட்டைப் பார்த்தவர்கள் ‘திருட்டு’ என்றார்கள். காக்கைக்கு இரண்டும் ஒரே வேலை. வளைந்து நிற்கும் மெல்லிய உலோகம், இரண்டு பக்கமும் கொக்கி, அலகில் கவ்வத் தோதான எடை. அதன் கணக்கில் தங்கத்துக்கும் தகரத்துக்கும் வித்தியாசம் கிடையாது.

கூட்டின் சரித்திரத்தில் இந்த இடம் முக்கியம் என்று நினைக்கிறேன். நாம் வேண்டாம் என்று போட்டதை எடுத்தால் காக்கை புத்திசாலி, வேண்டும் என்று வைத்திருப்பதை எடுத்தால் திருடன். பின்னால் வந்ததெல்லாம் இந்த இரண்டு பேர்களுக்கு நடுவில் நடந்த இழுபறிதான்.

*

அந்த இழுபறி உச்சத்துக்குப் போன ஊர் டோக்கியோ.

ஜப்பானிய நகரங்களில் இருப்பது நம் அண்டங்காக்கைக்கு நெருங்கிய உறவு, அலகு பெருத்த காக்கை. அங்கே அடுக்குமாடி பால்கனிகளில் துணியை மெல்லிய கம்பி ஹேங்கரில் மாட்டிக் காயவைப்பார்கள். வசந்தகாலத்தில் காக்கை வந்து சட்டையை உதறிப் போட்டுவிட்டு ஹேங்கரை எடுத்துக்கொண்டு போகும். பூங்கா மரங்களில் நீலம், பச்சை, வெள்ளை, இளஞ்சிவப்பு ஹேங்கர்களால் ஆன கூடுகளைப் பார்க்கலாம். போட்டோவில் பார்த்தால் யாரோ சிற்பி செய்துவைத்த மாதிரி இருக்கும். கொக்கியோடு வருகிற கம்பி, சோடா பாட்டில் கம்பிக்கும் மேல் ஒரு படி. குழிக்குள் மெத்தை மட்டும் வழக்கம்போல நாரும் முடியும்தான்.

பூங்காவில் இருந்தால் சிற்பம், மின்கம்பத்தில் இருந்தால் விபத்து. கம்பத்தின் குறுக்குச் சட்டம் காக்கைக்குக் கிளைக் கவட்டை மாதிரித்தான் தெரிகிறது. அங்கே ஒரு கம்பி ஹேங்கர் இரண்டு மின்கம்பிகளைத் தொட்டுவிட்டால் தெருவே இருண்டுபோகும். சுள்ளிக் கூடாவது மழையில் நனைந்தால்தான் பிரச்சினை. உலோகக் கூடு வெயிலிலும் ஆபத்து. ஜப்பானிய மின்நிறுவனங்கள் ஒவ்வொரு வருஷமும் கூடு கட்டும் பருவத்தில் ஆட்களை ரோந்து அனுப்பிக் கூடுகளைப் பிரித்துப் போடுகின்றன. பிரித்தால் காக்கை மறுபடி கட்டுகிறது. சாமான்தான் பால்கனிக்குப் பால்கனி இருக்கிறதே. 2001ல் டோக்கியோ ஆளுநர் ஷின்டாரோ இஷிஹாரா காக்கைக்கு எதிராக ஒரு பெரிய நடவடிக்கையைத் தொடங்கினார். அப்போது நகரில் சுமார் 36,000 காக்கைகள் இருப்பதாக மதிப்பிட்டார்கள். பொறி வைத்துப் பிடித்தார்கள், கூடுகளைக் கலைத்தார்கள், குப்பை மூட்டைகளுக்கு வலை போட்டார்கள். எண்ணிக்கை குறைந்தது.

நம் ஊரிலும் மின்வாரியத்து லைன்மேனுக்கு இந்தக் கதை புதுசு இல்லை. டிரான்ஸ்பார்மர் மேலே, பீங்கானுக்குப் பக்கத்தில், கட்டுக்கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் கூட்டை அகற்ற மேலே ஏறுபவர் அவர்தான். சப்ளையை நிறுத்திவிட்டார்களா என்பதில் அவர் உயிர் இருக்கிறது. கூட்டில் முட்டை இருக்கிறதா, குஞ்சு இருக்கிறதா என்று முதலில் பார்ப்பவரும் அவர்தான். தலைக்கு மேலே இரண்டு காக்கைகள் கரைந்துகொண்டு கொத்த வரும். கட்டடத்தில் கம்பியைச் சிந்திவிட்டுப் போனவர், மரத்தை வெட்டிக் கம்பம் நட்டவர் யாரும் அந்த இடத்தில் இருக்க மாட்டார்கள்.

ஊர்க்காக்கையைக் கடல் கடந்து கொண்டுபோனவர்களும் இப்படித்தான் அந்த இடத்தில் இல்லாமல் போனார்கள். 1890களில் இலங்கையிலிருந்து மலாயாவின் கிள்ளான் பகுதிக்கு ஊர்க்காக்கையைக் கொண்டுபோனார்கள், காப்பித் தோட்டத்துக் கம்பளிப்பூச்சியைத் தின்னட்டும் என்று. அதே பத்தாண்டில் சான்சிபாருக்கும் கொண்டுபோனார்கள், ஊர்க் குப்பையைத் தின்னட்டும் என்று. இரண்டு இடத்திலும் பெருகியது. கிழக்கு ஆப்பிரிக்கக் கரை முழுக்கப் பரவிய இந்தக் காக்கையில் பத்து லட்சத்தை ஒழிக்கப்போவதாகக் கென்யா 2024ல் அறிவித்தது. அங்குள்ள பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் அது தின்றுவிடுகிறது என்பது உண்மையான கவலை. வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டு போன பறவை என்பதும் உண்மை.

*

இதற்கு இடையில் வேறு ஒரு மேடையில் காக்கைக்குப் பெரிய பேர் கிடைத்துக்கொண்டிருந்தது.

2002ல் ஆக்ஸ்ஃபோர்டில் பெட்டி என்ற நியூ கலிடோனியக் காக்கை உலகப்புகழ் பெற்றது. குழாய்க்குள் ஒரு சின்ன வாளி, அதில் இரைச்சித் துண்டு. பெட்டியிடம் இருந்தது ஒரு நேரான கம்பி. அதை எங்கேயோ செருகி, வளைத்து, கொக்கியாக்கி, வாளியைத் தூக்கிவிட்டது. குரங்குக்கே வராத அறிவு என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. 2009ல் கேம்பிரிட்ஜில் ரூக் என்ற காக்கை இனமும் கம்பியை வளைத்தது. காட்டில் கருவியே செய்யாத பறவை அது. 2016ல் வேறொரு செய்தி வந்தது: நியூ கலிடோனியக் காக்கைகள் காட்டில் கருவி செய்யும்போதே குச்சியை வளைப்பது வழக்கம் என்று கிறிஸ்டியன் ருட்ஸின் குழு காட்டியது. பெட்டி அந்த நிமிஷத்தில் புதுசாகக் கண்டுபிடித்தது என்று சொன்னதில் பாதி காற்று இறங்கிவிட்டது.

எனக்கு இந்த விவகாரத்தில் உறுத்துவது வேறு ஒன்று. கல்கத்தாக் காக்கை ப்ளித் காலத்திலேயே கம்பிகளை ஒன்றில் ஒன்று மாட்டிக் கூடு கட்டியிருந்ததே, அதை ஏன் யாரும் ‘அறிவு’ என்ற தலைப்பில் சேர்க்கவில்லை? கூடு கட்டுவதும் கருவி செய்வதும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. இனமும் வேறு, தேவையும் வேறு. ஆனால் ஒரு துண்டு இறைச்சிக்காகக் கம்பியை ஒரு தடவை வளைத்தால் சிந்தனை, முட்டைக்காக நாள் கணக்கில் வளைத்துச் செருகினால் உள்ளுணர்வு என்று பிரித்துவைத்தது நாம்தான். வீட்டு வேலைக்கு நாம் கொடுக்கும் மரியாதையை வைத்துப் பார்த்தால் இது ஆச்சரியமும் இல்லை. பறவைகள் கூடு கட்டும்போது என்ன கற்கின்றன என்பதை ஹீலி போன்றவர்கள் வரிசையாகச் சோதித்துப் பார்க்கத் தொடங்கியது மிகச் சமீபத்தில்தான்.

*

2023ல் நெதர்லாந்திலிருந்து வந்த ஒரு ஆய்வைப் படித்தபோது சிரிப்புதான் முதலில் வந்தது. கட்டடங்களில் புறா, காக்கை உட்காராமலிருக்க ஒரு பட்டையில் கூர்மையான கம்பி முட்களை வரிசையாக நட்டு ஒட்டிவைப்பார்களே, அந்த முட்களைப் பிடுங்கிப் பறவைகள் கூடு கட்டியிருந்தன. நேச்சுரலிஸ் அருங்காட்சியகத்தின் அவுகே ஃப்ளோரியன் ஹியெம்ஸ்ட்ராவும் சக ஆய்வாளர்களும் எழுதியது. ராட்டர்டாமில் ஒரு காக்கைக் கூடு. ஆன்ட்வெர்ப் நகரில் ஒரு மருத்துவமனை வளாகத்து மரத்தில் காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த மேக்பையின் கூடு. மேக்பை கூட்டில் மட்டும் சுமார் 1,500 முட்கள்.

இரண்டு பறவைகளும் முள்ளைப் பயன்படுத்திய விதத்தில் வித்தியாசம் இருந்தது. மேக்பை தன் கூட்டுக்கு முள்மரக் குச்சிகளால் கூரை போடும் பறவை. அது கம்பி முட்களை வெளிப்பக்கம் நீட்டிக் கூரையாக வைத்திருந்தது. முட்டை திருட வருபவர்களை விரட்ட நாம் செய்த முள்ளையே அது எடுத்துக்கொண்டிருக்கலாம் என்கிறார்கள். காக்கைக்கு அந்த நோக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. முட்களை உள்பக்கம் திருப்பி, கூட்டைப் பிடித்துநிறுத்தும் சட்டமாகச் செருகியிருந்தது. சோடா பாட்டில் கம்பியை என்ன செய்ததோ அதையேதான் இதையும் செய்திருக்கிறது. ‘உட்காராதே’ என்று எழுதிவைத்த பலகையைக் கழற்றி நாற்காலி செய்துகொண்ட கதை. ஆனால் பலகையில் எழுதியிருந்தது என்ன என்று அதற்குத் தெரியாது.

அதே ஹியெம்ஸ்ட்ரா 2025ல் இன்னொரு வேலையை வெளியிட்டார். ஆம்ஸ்டர்டாம் கால்வாய் ஒன்றில் நாமக்கோழிகள் வருஷா வருஷம் ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டிய கூட்டை எடுத்துப் பிரித்தார். காக்கை இல்லை, நீர்ப்பறவை. நகரத்தில் அது பிளாஸ்டிக்கால் கட்டுகிறது. பிளாஸ்டிக் மட்காததால் பழைய கூடு அழியாமல் அடியிலேயே தங்குகிறது. மேலே கொரோனா கால முகக்கவசம். கீழே போகப் போக வருஷம் குறைந்துகொண்டே வந்தது. 1994 உலகக்கோப்பைக் கால்பந்து விளம்பரத்தோடு ஒரு சாக்லேட் உறை. உறைகளில் அச்சிட்டிருந்த தேதியை வைத்து 1990களின் தொடக்கம் வரை போக முடிந்தது. கீழடியில் அடுக்கடுக்காகத் தோண்டிக் காலம் சொல்கிறார்களே, அதே முறை. எழுதத் தெரியாத பறவை ஒன்று முப்பது வருஷத்து ஆம்ஸ்டர்டாமைத் தேதி வாரியாக அடுக்கிவைத்திருக்கிறது.

ப்ளித் சொன்ன கூட்டை யாராவது எடுத்துவைத்திருந்தால் என்று ஆரம்பத்தில் சொன்னேன். பறவை முட்டைகளைப் பஞ்சில் பொதிந்து பெட்டி பெட்டியாகச் சேர்த்த நூற்றாண்டு அது. கூட்டைப் பொதுவாகக் குப்பையாகத்தான் பார்த்தார்கள்.

*

இதுவரை சொன்னதில் கூடு நமக்கு என்ன சொல்கிறது என்பதுதான் இருந்தது. கூட்டுக்குள் இருக்கும் குஞ்சுக்கு என்ன ஆகிறது?

கம்பிக் காலத்தில் காக்கைக்குப் பெரிய நஷ்டம் இல்லை, மின்கம்பத்தைத் தவிர. கம்பி உறுதியானது, குஞ்சின் காலைச் சுற்றிக்கொள்ளாது. இப்போது கொல்லையிலும் வயலிலும் கிடப்பது வேறு: நைலான் கயிறு, பிளாஸ்டிக் சாக்குப் பிசிறு, காற்றாடி நூல், வைக்கோல் கட்டும் பிளாஸ்டிக் இழை. காக்கையின் கண்ணுக்கு இது தென்னை நார். மெல்லியது, வளைகிறது, மெத்தென்று இருக்கிறது. ஆனால் தென்னை நாரை இழுத்தால் ஒரு கட்டத்தில் அறும். நைலான் அறாது.

கலிபோர்னியாவின் டேவிஸ் நகரத்தைச் சுற்றி அமெரிக்கக் காக்கைகளின் கூடுகளில் ஏறிப் பார்த்த ஒரு ஆய்வு 2014ல் வந்தது. ஆண்ட்ரியா டவுன்சென்டும் கிறிஸ்டோபர் பார்க்கரும் செய்தது. 85 சதவீதக் கூடுகளில் மனிதச் சாமான் இருந்தது. 195 குஞ்சுகளில் 11 குஞ்சுகள் கயிற்றிலும் இழையிலும் சிக்கிக்கிடந்தன. கூட்டில் இருந்த இழை நீளமாக இருந்தால் சிக்குவதும் அதிகம். குப்பை மலிந்த நகரத்தில்தான் ஆபத்து அதிகம் இருக்கும் என்று நினைப்போம். ஆனால் மிக நீளமான இழைகள் இருந்தது வயல்காட்டுக் கூடுகளில். கட்டு அவிழ்த்த கயிற்றை அப்படியே வரப்பில் போட்டுவிட்டுப் போகிற பழக்கம் அங்கேயும் உண்டு.

குஞ்சு வளர வளரக் கால் தடிக்கும். சுற்றிய இழை இறுகும். சிறகு முளைத்துப் பறக்க வேண்டிய நாளில் அது கூட்டோடு கட்டப்பட்டிருக்கும். தாய் இரை கொண்டுவந்துகொண்டுதான் இருக்கும். காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று நாம் சொல்வது கேலியாகத்தான், இருந்தாலும் சொல்லிவைத்தவர்கள் எதையோ பார்த்துத்தான் சொன்னார்கள். முடிச்சுப் போடத் தெரியாத பறவைக்கு முடிச்சை அவிழ்க்கவும் தெரியாது.

நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகக் காக்கை நாம் போட்டதை எடுத்துக் கட்டிவருகிறது. சோடா கம்பி, முள்கம்பி, கட்டுக்கம்பி, ஹேங்கர், பறவை விரட்டும் முள் என்று நாம் எதைக் கொடுத்தாலும் சுள்ளிக்குப் பதிலாக வைத்துச் சமாளித்துவிட்டது. அதன் முறை பழையது. அதில் தப்பு இல்லாததால் மாற்றிக்கொள்ளவில்லை. நைலான் இழைதான் முதல்முறையாக அந்த முறையையே ஏமாற்றுகிறது. இழுத்துப் பார்த்து, வளைத்துப் பார்த்து, நல்ல சாமான் என்று முடிவு செய்துதான் காக்கை அதை எடுத்துக்கொண்டு போகிறது.

கூட்டைப் பார்த்து நாம் செய்யக்கூடிய காரியம் சின்னது. கயிற்றைப் போடும் முன் கத்தரித்துத் துண்டு துண்டாக்கிப் போடலாம். நீளம் குறைந்தால் சிக்குவது குறையும் என்று டேவிஸ் கணக்கே சொல்கிறது. மாஞ்சா நூலை மரத்தில் விட்டுவிட்டு வராமல் இருக்கலாம். கம்பத்தை ஒட்டி இருக்கிற வேப்பமரத்தை மொட்டையடிக்கும் முன், காக்கை அடுத்து எங்கே கட்டும் என்று ஒரு நிமிஷம் யோசிக்கலாம். சித்திரை வைகாசியில் அது குச்சி ஒடிக்க வரும். ஒடிக்கக் குச்சி இருந்தால் நல்லது.